துக்கம் ‘கேட்பது’ ஏன்? – வாசகர் கேள்வி பதில்

(அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், இந்தப் பக்கத்தில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் பள்ளித்தோழியின் மகன் போன மாதம் பைக் விபத்தில் இறந்துபோனான். பத்தொன்பது வயது. செய்தி தெரிந்ததும் ஓடினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உன் வேதனை எனக்குப் புரிகிறது’ என்றேன். கையை உதறிவிட்டு, ‘உனக்கு என்ன புரியும்? உன் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான்!’ என்று எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நான் போகவில்லை. நான் சொன்னதில் என்ன தவறு?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, அவள் உங்கள் கையைத்தான் உதறினாள், உங்களை உதறவில்லை. அந்தக் கூட்டத்தில் கத்துவதற்கு உரிமையுள்ள ஆளாக அவளுக்குக் கிடைத்தது நீங்கள்தான். நாத்தனாரிடமோ மாமியாரிடமோ அப்படிக் கத்த முடியுமா? இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் ‘எனக்குப் புரிகிறது’ என்பது கதவைச் சாத்துகிற வாக்கியம். உங்களுக்குப் புரிந்துவிட்டது என்றால், இனி அவள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகிவிடுகிறது. அவளோ இன்னும் சொல்லவே தொடங்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போவதை நாம் என்னவென்று சொல்கிறோம்? ‘துக்கம் கேட்கப் போகிறேன்’ என்கிறோம். ‘துக்கம் விசாரிக்க’ என்றும் சொல்வதுண்டு. இரண்டிலும் இருப்பது கேள்வி. அதிலும் ‘கேள்’ என்ற சொல்லைப் பாருங்கள். வாயால் வினவுவதும் கேட்பதுதான், காதால் வாங்கிக்கொள்வதும் கேட்பதுதான். ஒருவருடைய துயரத்தின் முன்னால் நம்மால் செய்யக்கூடிய இரண்டு காரியங்களையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது தமிழ். இத்தனை வயதாகியும் எனக்கு இந்த ஆச்சரியம் தீரவில்லை.

கிராமத்துக் கிழவிகள் சாவு வீட்டில் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருப்பீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினான்? என்ன சட்டை போட்டிருந்தான்? சாப்பிட்டுவிட்டுத்தான் போனானா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது நாகரிகக் குறைவாகத் தெரிகிறது. வம்புக்குக் கேட்பவர்களும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அந்தத் தாய் முதலிலிருந்து சொல்கிறாள். முதல் நாள் பேச்சு கோவையாக வராது. ‘இட்லி வைத்தேன், வேண்டாம் என்றான்’ என்பதோடு தொண்டை அடைத்துக்கொள்ளும். நான்காம் நாள் இட்லியைத் தாண்டி வாசல்வரை வருவாள். பத்தாம் நாள் தெருமுனைவரை. நடந்துவிட்டது என்பதை அவள் தன் வாயால் சொல்லித் தன் காதாலேயே கேட்டுக் கேட்டுத்தான் நம்பத் தொடங்குகிறாள். கேட்பதற்கு ஆள் வராமல் அந்த இட்லியிலேயே நின்றுவிட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும்.

நானும் உங்களைப் போல் சொல்லியிருக்கிறேன், அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு தாலுகா மருத்துவமனையின் பிரசவ வார்டில் இரவுப் பணி. ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், குழந்தை இறந்தே பிறந்தது. விடியற்காலைவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அருகில் போய், ‘கவலைப்படாதே, சின்ன வயதுதானே, அடுத்த வருடமே இன்னொன்று பிறக்கும்’ என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், டிரிப்ஸ் இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றேன்.

வார்டு ஆயா தரை துடைத்துக்கொண்டே அந்தக் கட்டிலுக்கு வந்தார். வாளியை ஓரமாகத் தள்ளினார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: ‘பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தாய், தாயி?’

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பெயர் வந்தது. அவள் மாமனாரின் பெயர். ஆயா அதைத் திரும்ப ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அவள் அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. ‘இன்னொன்று’ என்று சொல்லி நான் இல்லாமல் ஆக்கிய பிள்ளை, பெயர் கேட்கப்பட்டதும் இருந்த பிள்ளை ஆயிற்று. ஆயா எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, ஓய்வுபெற்ற பிறகு, எடித் ஸ்டைன் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞரைப் பற்றிப் படித்தேன். 1891இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது, 1915இல், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராகத் தொற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக வேலை பார்த்தார். பிறகு ஹுசெர்ல் என்ற தத்துவப் பேராசிரியரிடம், ஒத்துணர்வு என்றால் என்ன என்பதைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். 1917இல் அது அச்சாயிற்று. அதில் அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கிட்டத்தட்ட உங்கள் கடிதம்தான். நண்பர் ஒருவர் வருகிறார், தன் சகோதரன் இறந்துவிட்டதாகச் சொல்கிறார், அவருடைய வேதனை எனக்குத் தெரியவருகிறது. இது எப்படிப்பட்ட தெரிதல்?

அவர் கண்ட விடையை என் மொழியில் சொல்கிறேன். நண்பரின் வேதனை ஊகம் இல்லை. அது உண்மையாகவே என் முன்னால், அவர் முகத்திலும் குரலிலும் இருக்கிறது. ஆனால் அது ஊறுவது அவரிடத்தில். என்னிடம் அது ஊறவில்லை. எத்தனை நெருங்கினாலும் ஊற்று அவருடையதாகவே இருக்கும். அந்த வித்தியாசம் மறைந்துவிட்டால், நான் அவர் துக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் துக்கத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். இதை எழுதியவரை 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள்.

உங்கள் தோழி கத்தியதும் இதையேதான். ஊற்று அவளுடையது.

இந்த வாரமே போங்கள். பதினாறு முடிந்ததும் உறவுக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். சமையலறையில் பாத்திரச் சத்தம்கூடக் குறைந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தனியாகப் போங்கள். அன்றைக்கு நடந்ததற்கு விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். பையனின் பெயரைச் சொல்லி ஏதாவது ஒன்று கேளுங்கள். அந்தப் பெயரை இப்போது யாரும் அவள் முன்னால் உச்சரிக்க மாட்டார்கள், அழுதுவிடுவாளோ என்ற பயத்தில். அழட்டும். ஒன்றும் பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எழுந்து வரும்போது சொல்லிக்கொள்ள வேண்டாம். துக்க வீட்டில் ‘வாருங்கள்’ என்று அழைப்பதும் ‘போய்வருகிறேன்’ என்று விடைபெறுவதும் நம் வழக்கத்தில் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் போங்கள்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ‘எம்பதி’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தமிழில் ‘ஒத்துணர்வு’ என்றார்கள். இரக்கம், பரிவு, அனுதாபம் எல்லாம் இருக்கும்போது புதிய சொல் எதற்கு?
— ஓர் ஆசிரியர், சேலம்

பதில்: ஐயா, ‘எம்பதி’யே புதிய சொல்தான். 1873இல் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மானியர், ஒரு கலைப்பொருளைப் பார்ப்பவர் தன் உணர்வை அதற்குள் செலுத்திப் பார்ப்பதை ‘ஐன்ஃபூலுங்’ என்ற சொல்லால் விளக்கினார். உள்ளே புகுந்து உணர்தல் என்பது பொருள். பின்னால் லிப்ஸ் என்பவர் அதைச் சக மனிதரை அறிவதற்கும் பொருத்தினார். 1909இல் டிட்ச்னர் என்ற உளவியலாளர் அதைப் பெயர்த்து ஆங்கிலத்துக்கு ‘எம்பதி’யைத் தந்தார். ஆங்கிலமே பெயர்த்து வாங்கிய ஒன்றை நாம் ‘ஒத்துணர்வு’ என்று பெயர்த்ததில் குறை இல்லை. பாடப்புத்தகத்துக்கு அது வேண்டும்.

ஆனால் பழைய சொற்களை மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள். அனுதாபம் வடமொழிச் சொல். அங்கே அதற்குப் பின்னால் வருகிற வெப்பம், அதாவது செய்த செயலுக்காக வருந்துவது என்று பொருள். தமிழுக்கு வந்து பிறர் துன்பத்துக்கு வருந்துவதாயிற்று. இப்போது தேர்தல் நேரத்து ‘அனுதாப அலை’யில்தான் அதை அதிகம் பார்க்கிறேன். இரக்கம் அதைவிட ஆழமானது. ‘இரங்கு’ என்றால் பழந்தமிழில் ஒலித்தல் என்றும் பொருள். புறநானூற்றின் 137ஆம் பாட்டு ‘இரங்கு முரசின்’ என்றே தொடங்குகிறது. நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள், தலைவி கடற்கரையில் வாய்விட்டுப் புலம்புவது. இரக்கம் என்பது முதலில் ஒரு சத்தம், ஐயா. பிறகுதான் குணம்.

நான் உண்மையில் வருத்தப்படுவது ‘கண்ணோட்டம்’ என்ற சொல்லுக்காக. குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பெயர். துன்பப்படுகிறவர் மேல் கண் ஓடிச் சென்று தங்குவது.

‘பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல் கண்என்னாம்
கண்ணோட்டம் இல்லாத கண்’ (573)

பாட்டோடு சேராத இசையால் என்ன பயன் என்று கேட்கிறார். வள்ளுவர் இந்த அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசியலில் வைத்திருக்கிறார். அதிகாரம் கையில் உள்ளவருக்குத்தான் அது முதலில் வேண்டும் என்று நினைத்திருக்கிறார் என்றே நான் படிக்கிறேன். மனுவோடு வருகிறவரை நிமிர்ந்து பார்க்காத அலுவலக மேசைகளின் முன்னால் நின்றவர்களுக்கு இது விளங்கும். இன்றைக்கு நாம் ‘என் கண்ணோட்டத்தில்’ என்கிறோம், என் கருத்தில் என்ற பொருளில். அடுத்தவரை நோக்கி ஓடிய கண் திரும்பி நம்மிடமே வந்துவிட்டது. உங்கள் வகுப்பிலாவது இந்தச் சொல்லுக்குப் பழைய பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை செய்கிறேன். எந்தப் புகார் வந்தாலும் ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லியாக வேண்டும். நேற்று ஒரு பெரியவர், ‘தம்பி, இதை நீ சொல்கிறாயா, மெஷின் சொல்கிறதா?’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நான் பொய் சொல்கிறேனா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: பொய் இல்லை, தம்பி. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. ‘ஏற்பட்ட’ என்கிறது, யாரும் செய்யாமல் தானாக வந்ததுபோல. ‘சிரமம்’ என்கிறது, எந்தச் சிரமம் என்று சொல்லாமல். பெரியவர் காதுக்கு அது தெரிந்துவிட்டது.

‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வரும் நூற்பா. கேள்வியும் பதிலும் பிழைபடாமல் காத்துக்கொள் என்கிறது. கேட்டது எதுவோ அதற்குச் சொல்வதே பதில். நான் அதை இலக்கண விதியாகப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். இப்போது மரியாதைக்கான விதியாகவும் படிக்கிறேன்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாமியாரின் இன்சுலினை வைத்திருந்த ஃபிரிட்ஜ் கோடையில் நின்றுபோனது. கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணும் உங்களுடைய அதே வாக்கியத்தைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ‘இன்சுலினை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள், அம்மா?’ என்று கேட்டார். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் என்றேன். ‘சரி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா என்று பாருங்கள். நாளைக்கு முதல் ஆளாக உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுகிறேன்’ என்றார். ஆள் வந்தது நாளை மறுநாள்தான். ஆனாலும் அந்தப் பெண் மீது எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

எழுதிக்கொடுத்த வாக்கியத்தை நீங்கள் மாற்ற முடியாது, மேலதிகாரி விடமாட்டார். அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் உங்களுடையது. அவர் சொன்ன விவரத்தில் ஒன்றை எடுத்து அவரிடமே கேளுங்கள். இன்னொன்று. ‘நாங்கள் வருந்துகிறோம்’ என்பதில் அவர் இல்லை. கேட்பவரை வெளியே நிறுத்த ‘நாங்கள்’, உள்ளே சேர்த்துக்கொள்ள ‘நாம்’ என்று நம் மொழி பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. ‘என்ன செய்யலாம் என்று பார்ப்போம், ஐயா’ என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அதைச் சொல்லாதீர்கள். பொய்யாகச் சேர்த்துக்கொள்வது வெளியே நிறுத்துவதைவிடக் கொடுமை.

கேள்வி: அலுவலகத்தில் நடந்த கஷ்டத்தை மனைவி சொன்னால், உடனே என்ன செய்யலாம் என்று வழி சொல்கிறேன். அதற்கே கோபப்படுகிறாள். உதவி செய்வது தவறா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்டியிருப்பீர்கள். கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். நடுவில், ‘ராஜா அந்தப் பக்கம் போயிருக்கலாமே’ என்று நீங்கள் வழி சொன்னதில்லை. இன்று மாலை ‘ம்’ மட்டும் கொட்டுங்கள், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு. முடித்ததும், ‘நான் ஏதாவது செய்ய வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் வருடம் வார்டில் யார் அழுதாலும் நானும் அழுதுவிடுவேன். இப்போது எதுவும் தோன்றுவதில்லை. பத்தாம் படுக்கைத் தாத்தா ராத்திரி முழுவதும் முனகுகிறார். நாங்கள் அவரைப் ‘பத்தாம் நம்பர்’ என்றுதான் சொல்கிறோம். என் மனம் கல்லாகிவிட்டதா?
— ஒரு மாணவி, மதுரை

பதில்: கல்லாகியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய், மகளே. நீ களைத்திருக்கிறாய். தொடர்ந்து இரவுப் பணி பார்த்தபோது எனக்கும் இப்படி ஆனதுண்டு. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் இது நீடித்தால், உன் ஆசிரியையிடம் சொல், மருத்துவரைப் பார். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அழுவதற்கும் இதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் காட்டுகிற குறள் உனக்குத் தெரிந்ததுதான்.

‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்
தந்நோய்போல் போற்றாக் கடை’ (315)

பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாவிட்டால், பெற்ற அறிவால் என்ன பயன் என்கிறார். ‘தந்நோய்போல்’ என்பதை நிறுத்திப் படி. தன் நோயாக என்று சொல்லவில்லை, ‘போல்’ என்கிறார். 1957இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அடுத்தவர் உலகைத் தன்னுடையதுபோல் உணர வேண்டும், ஆனால் அந்தப் ‘போல்’ ஒருபோதும் தொலைந்துவிடக் கூடாது என்று எழுதினார். முதல் வருடம் உனக்குப் ‘போல்’ தொலைந்து, அவர்கள் நோய் உன் நோயாகிவிட்டது. அதைத் தாங்க முடியாமல் இப்போது மனம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. ‘போல்’ திரும்பி வந்தால் கதவும் திறக்கும்.

அதற்கு நான் கண்ட வழி, வலியை விசாரிப்பது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேள், அட்டையில் எழுது, அது வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தாதே. 1975இல் மெல்சாக் என்ற உளவியலாளர் உருவாக்கிய வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. நோயாளிகளின் சொல்லிலேயே நோயைப் பற்றிய தகவல் இருக்கிறது என்பதால்தான். நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமா? குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, உளைகிறது, பிசைகிறது, எரிகிறது, இழுக்கிறது, சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. ‘எரிகிறது’ என்று சொல்பவருக்கும் ‘பிசைகிறது’ என்று சொல்பவருக்கும் மருத்துவர் தேடுவது வேறு வேறு இடத்தில்.

ஒரு விவசாயி, அறுபது வயதுக்கு மேல், முதுகுத்தண்டில் நோய் பரவியிருந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பேசாமல் இருப்பார். ‘எப்படி வலிக்கிறது, ஐயா?’ என்று கேட்டேன். கண்ணை மூடி யோசித்து, ‘நனைந்த மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டு, இறக்க ஆள் வராததுபோல் இருக்கிறது’ என்றார். அவரும் ‘போல்’ என்றுதான் சொன்னார். தன் வலியை என்னிடம் கொடுக்க அவருக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது, அதை வாங்கிக்கொள்ள எனக்கும் வேண்டியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதினேன். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் அதைப் படித்துவிட்டு, அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் அதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பத்தாம் நம்பர் என்று சொல்லும் பழக்கத்தை நாளைக்கே விடு. கட்டில் மாறும், ஆள் மாறுவார். மருந்து கொடுக்கும்போது படுக்கை எண்ணை நம்பக் கூடாது, பெயரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று உன் பாடத்திலேயே இருக்கும். காலை மாத்திரை கொடுக்கும்போது தாத்தாவிடம் பெயரைக் கேள், ஊரைக் கேள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேள். அவர் என்ன சொன்னார் என்பதை, அவர் சொன்ன சொல்லிலேயே, எனக்கு எழுதி அனுப்பு.